எழுபது வளைவுகளும் ஒரு ‘டிக்’ சத்தமும்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரமான காரவள்ளியில் முதல் வளைவு. மேலே சோளக்காட்டை நெருங்கும்போது எழுபதாவது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். காரில் போகிறவர்களுக்கு அது செல்ஃபி எடுக்கும் இடம். சைக்கிளில் ஏறுகிறவர்களுக்கோ அதுதான் மூச்சுக் கணக்கு. ‘இன்னும் 61, இன்னும் 60’ என்று பலகையைப் பார்த்துத்தான் கால் அடுத்த மிதிக்குச் சம்மதிக்கும்.

சைக்கிளில் இந்த மலையை ஏற ஒரு தனிக் காரணம் உண்டு. மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காட்டின் சத்தம் முழுசாகக் கேட்கும். கீழே புதர்க்காட்டில் மயில் அகவும். நடுவில் குரங்குகள் மூங்கிலை உலுக்கும். மேலே போகப் போக, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் தோட்டங்களும், இலை நுனியிலிருந்து சொட்டும் பனி நீரும்.

இவ்வளவு அமைதியான சாலையில் சைக்கிளிலிருந்து வரும் சத்தமும் ஒன்றுவிடாமல் கேட்கும். நானும் என் அக்கா மகனும் போன ஆனி மாதம் ஏறியபோது அப்படித்தான் கேட்டது.

‘டிக்.’

சமதரையில் வாய் திறக்காத சத்தம்

மருமகனுக்கு வயது 20. நாமக்கல்லில் வேலை. தினமும் போகவர 28 கிலோமீட்டர் சைக்கிள்தான். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தான். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. “கொல்லிமலை ஏறி, 70 வளைவும் சைக்கிள்லயே இறங்கணும் மாமா” என்பது அவன் ஆசை. “மாமா கூட வந்தா போ” என்று அக்கா சொல்லிவிட்டாள். அதாவது, பொறுப்பு என் தலையில்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை அவன் சைக்கிள் வாயே திறக்கவில்லை. முதல் வளைவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஆரம்பித்தது. டிக்... டிக்... டிக்...

“இந்தச் சத்தத்துக்குத்தான் மாமா போன வாரம் கடைக்குப் போனேன். ஸ்டாண்ட்ல தூக்கி வெச்சுச் சுத்திப் பார்த்தாங்க. சத்தமே வரல. செயின், ஃப்ரீவீல் எல்லாம் மாத்திடுங்க, 3,800 ஆகும்னாங்க” என்றான்.

சைக்கிள் சத்தத்தில் இருக்கும் முதல் சிக்கலே இதுதான். ஸ்டாண்டில் தூக்கி வைத்துச் சுற்றினால் பாரம் கிடையாது. பாரம் இல்லாவிட்டால் பல சத்தங்கள் வராது. இரண்டாவது சிக்கல், சைக்கிளின் குழாய்கள் உள்ளே வெற்றிடமானவை. எங்கோ ஒரு மூலையில் பிறக்கும் சத்தம் குழாய் வழியே பயணித்து வேறு இடத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். சீட்டுக்கு அடியில் கிளம்பும் ‘கிறீச்’, பெடல் பக்கம் கேட்கும். அதனால் காதை மட்டும் நம்பி எதையும் மாற்றக் கூடாது. ஒவ்வொன்றாகச் சந்தேகத்தை விலக்கிக்கொண்டே வர வேண்டும். செலவில்லாததில் தொடங்குவது நல்லது.

நான்காவது வளைவில் நிறுத்தி, செலவில்லாதவற்றைப் பார்த்தோம். ஷூ லேஸின் முனை ஒவ்வொரு சுற்றுக்கும் கிராங்க் மேல் பட்டாலே ‘டிக்’ கேட்கும். லேஸை உள்ளே சொருகினான். கியர் கேபிளின் நுனி வெளியே நீண்டு காலணியில் இடிக்கிறதா? இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். மறுபடி ஏறினோம்.

டிக்.

விரல் விட்டு எண்ணினோம்

“நீ ஓட்டு. நான் பின்னால வந்து எண்ணுறேன்” என்றேன்.

சத்தத்தைப் பிடிக்க, அது எதன் தாளத்துக்கு வருகிறது என்று பார்த்தால் போதும். சைக்கிளில் சுற்றுபவை மூன்று: பெடலோடு கிராங்க், செயின், சக்கரம். மூன்றும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை சத்தம் வந்தால், பெடல் அல்லது கிராங்க் பக்கம். செயினில் ஒரு கண்ணி இறுகியிருந்தால், அந்தக் கண்ணி முழுச் சுற்றும் வந்து சேரும்போதுதான் சத்தம் வரும். அவன் செயினில் 114 கண்ணிகள். முன்னால் மாட்டியிருந்த சிறிய பல்சக்கரத்தில் 28 பல். பெடல் ஒரு சுற்றுக்கு 28 கண்ணிதான் நகரும். ஆக, செயின் முழுசாக ஒரு சுற்று வர நான்கு பெடல் சுற்றுக்குச் சற்று அதிகம் ஆகும். எங்களுக்குக் கேட்டதோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. செயின் தப்பித்தது.

“அப்ப கிராங்க்தான் மாமா” என்றான் உடனே.

“இரு. நீ எந்த கியர்ல இருக்கே?”

ஏற்றத்துக்கு எல்லோரும் போடும் கியர். முன்னால் சிறியது, பின்னால் பெரியது. முன்னால் 28 பல், பின்னால் 28 பல். இரண்டும் சமமாக இருந்தால் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் சரியாக ஒரே சுற்றுதான் சுற்றும். அந்த கியரில் பெடல் சத்தமும் சக்கரத்துச் சத்தமும் ஒரே தாளம். போக்ஸ் கம்பி தளர்ந்திருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு ‘டிக்’தான்; கிராங்க் கெட்டிருந்தாலும் ஒரு ‘டிக்’தான். இரட்டைப் பிள்ளைகளில் யார் அழுகிறார்கள் என்று பக்கத்து அறையிலிருந்து சொல்ல முடியாதே, அதுமாதிரி.

அதனால் பின்னால் 18 பல் சக்கரத்துக்கு மாற்றச் சொன்னேன். இப்போது பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கும் கொஞ்சம் மேலே சுற்றும். தாளம் பிரிந்துவிடும். ஆனால் அந்த கியரில் அந்த ஏற்றத்தை மிதிப்பது லேசான வேலை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு 11-லிருந்து 12-வது வளைவு வரை மிதித்தான். நான் எண்ணினேன்.

பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு டிக். அதில் மாற்றமே இல்லை. பின்சக்கரம், கம்பி, ஃப்ரீவீல், ஹப் எல்லாம் விடுதலை. 3,800 ரூபாய்ப் பட்டியலில் இருந்த இரண்டு பொருளுமே குற்றவாளி இல்லை என்று 12-வது வளைவிலேயே தெரிந்துவிட்டது.

எந்தக் கால்?

மீதிச் சோதனைகளை மூச்சு வாங்கும் நேரங்களில் செய்தோம். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான். சத்தம் போகவில்லை, இன்னும் பலமாகக் கேட்டது. சீட்டும் அதன் கம்பியும் பட்டியலில் இருந்து வெளியே. பிறகு, வலது காலைச் சும்மா வைத்துக்கொண்டு இடது காலால் மட்டும் அழுத்தி மிதித்தான். சத்தம் நின்றது. மாற்றி, வலது காலால் மட்டும் அழுத்தினான். டிக். பெடல் முன்னால் வந்து, கால் முழு எடையோடு இறங்கும் அந்த ஒரு நொடியில்.

வலது பெடல், அல்லது வலது கிராங்க். அதற்கு மேல் கண்டுபிடிக்க என்னிடம் ஸ்பேனர் இல்லை.

அதற்குப் பின் மெதுவாகவே ஏறினோம். எழுந்து நின்று மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு நடந்தோம். முப்பதாவது வளைவுக்கு மேல் காற்று குளிர ஆரம்பித்தது. கீழே பார்த்தால் நாம் ஏறிவந்த சாலை, பாம்புச் சட்டை உரித்துப் போட்டதுபோல் கிடக்கிறது. அறுபதைத் தாண்டினால் பலா மரங்கள். ஆனி என்பதால் அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்கின. சோளக்காட்டில் பலாச்சுளையும் அன்னாசித் துண்டும் விற்கிறார்கள். உப்பு மிளகாய்த்தூள் தூவிய அன்னாசி, எழுபது வளைவு ஏறிய வாய்க்கு அமிர்தம்.

இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் இப்போது காபியும் மிளகும் சேர்ந்திருக்கின்றன. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூற்றில் பாடப்பட்டவன். ஆடி மாதம் அவனுக்கு விழா எடுக்கிறார்கள்.

எங்களுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு சைக்கிள் கடை.

திருநீறு காட்டிய கோடு

செம்மேட்டில் விசாரித்ததில் ஒரு பஞ்சர் கடையைக் காட்டினார்கள். தகரக் கூரை, வாசலில் ஒரு டயர். உள்ளே எழுபது வயதைத் தொட்ட பெரியவர். பைக் பஞ்சர்தான் இப்போது பிழைப்பு. சைக்கிள் வந்தால் சந்தோஷம் என்றார்.

நாங்கள் சோதித்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “கோட்டர் பின் போட்ட சைக்கிளா இருந்தா, பின்னு தேஞ்சுதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிருவேனுங்க. இதுல பின்னே இல்லியே” என்றார். நம் வீட்டில் அப்பா, தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிள்களில் கிராங்கை ஆக்சிலோடு பிடித்துவைக்கும் ஆப்புதான் கோட்டர் பின். தேய்ந்தால் ‘டொக் டொக்’ என்று தெருமுனையிலேயே தெரியும். இப்போதைய கியர் சைக்கிள்களில் சதுரமான ஆக்சில் முனையில் கிராங்கைச் செருகி, போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள்.

அந்த போல்ட்டைத்தான் முதலில் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. பல்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை. பள்ளிக்கூடத்து 12 அங்குல ஸ்கேலை எடுத்துச் செயின் மேல் வைத்தார். ஒரு கண்ணிக்கு அரை அங்குலம், 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக வந்தால் செயின் நீண்டுவிட்டது, பல்லையும் சேர்த்துத் தின்னும் என்று அர்த்தம். இதில் கூடுதல் கண்ணுக்கே தெரியவில்லை. “செயினு இன்னும் ஒரு வருசம் ஓடும் தம்பி. யாரு மாத்தச் சொன்னது?” என்றார். மருமகன் என்னைப் பார்த்தான்.

அடுத்து பெடல். என் சைக்கிளின் வலது பெடலைக் கழற்றி அவன் சைக்கிளில் மாட்டினார்; அவனுடையதை என் சைக்கிளில் மாட்டினார். வலது பெடலை வலதோடுதான் மாற்ற முடியும். இடது பெடலின் மரை நேர் எதிராக வெட்டியிருக்கும். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பக்கத்து மேட்டில் இரண்டு சைக்கிளையும் ஓட்டிப் பார்த்தோம். என் சைக்கிள் அவன் பெடலோடு அமைதியாக ஏறியது. அவன் சைக்கிள் என் பெடலோடும் சொன்னது: டிக்.

பெடலும் விடுதலை. மிச்சம் இருந்தது வலது கிராங்க் மட்டும்.

பெரியவர் முகம் மாறியது. “சத்தம் ரெண்டு வகைதானுங்க. ஒண்ணு காஞ்ச சத்தம். எண்ணெய் விட்டா அடங்கிரும். இன்னொண்ணு உடையிற சத்தம். அது எண்ணெய்க்குக் கட்டுப்படாது” என்றபடி பெடலைக் கழற்றினார். கிராங்க் முனையைத் துணியால் துடைத்து, மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவினார். பத்து நிமிடம் டீ குடிக்கச் சொன்னார். திரும்பி வந்ததும் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, பெடல் மாட்டும் ஓட்டையைச் சுற்றிப் பூசினார். பெடலை மறுபடி மாட்டி, சைக்கிளை நான் பிடித்துக்கொள்ள, அவனை அதன் மேல் இரண்டு மூன்று தடவை ஏறி நின்று இறங்கச் சொன்னார்.

“இப்பப் பாருங்க.”

வெள்ளைத் திருநீற்றின் மேல், ஓட்டையின் விளிம்பிலிருந்து கிராங்கின் குறுக்கே, தலைமுடி அளவுக்கு ஓர் ஈரக் கோடு. விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய், அழுத்தும்போது கசிந்து திருநீற்றை நனைத்திருந்தது. துடைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம். எண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசி விரிசலைக் கண்டுபிடிப்பது ரயில் பாகங்களைச் சோதித்த பழைய முறை. இன்று அதற்குக் காந்தமும் ஒலி அலையும் பயன்படுத்தும் கருவிகள் வந்துவிட்டன. அந்த முறை செம்மேட்டில் ஒரு திருநீற்றுப் பொட்டலத்தில் உயிரோடு இருக்கிறது.

இறங்கலாமா?

மருமகனுக்கு முகம் தொங்கிவிட்டது. “இறக்கத்துல மிதிக்கவே வேண்டாமே மாமா. சும்மா பிரேக் புடிச்சுட்டே வந்துரலாம்ல?”

பெரியவர்தான் பதில் சொன்னார். “தம்பி, மிதிக்க மாட்டே. ஆனா வளைவுல எங்கே நிப்பே? குழியில ஏறி இறங்கறப்போ சீட்டுல இருந்து எந்திரிச்சு, ஒடம்பு மொத்தத்தையும் எது மேல வெப்பே? இது மேலதான்” என்று அந்தக் கோட்டைத் தட்டினார்.

அலுமினிய கிராங்க் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. நாள்கணக்கில், மிதிக்கு மிதி விரிசல் மயிரிழை மயிரிழையாக வளரும். ஒரு நாள் பட்டென்று போகும். ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு காலுக்கு மட்டும் நான்காயிரம் அழுத்தம் விழும். அது எந்த அழுத்தத்தில் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் 28 கிலோமீட்டர், லாரிகள் போகும் சாலையில் அந்தச் சைக்கிளில் போய்வந்தவன் அவன். அதை அவனும் யோசித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெரியவர் காசு வாங்க மறுத்தார். வற்புறுத்தியதும் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்னாசி லோடு ஏற்றிக்கொண்டு நாமக்கல் கிளம்பிய குட்டி யானை ஒன்று கிடைத்தது. டிரைவர் தம்பியிடம் பேசினேன். மருமகனின் சைக்கிள் அன்னாசி மூட்டைகளுக்கு மேல் ஏறியது. நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். என் சைக்கிளின் சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தி அவனிடம் கொடுத்தேன்.

“நாங்க பின்னாலயே வர்றோம். பிரேக்கை ஒரேயடியா புடிச்சுட்டே இருக்காதே. விட்டு விட்டுப் புடி. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறை.”

“சரிங்க மாமா!” என்ற குரலில் மலையே எதிரொலித்தது. 70, 69, 68... அவன் ஹெல்மெட் ஒவ்வொரு வளைவிலும் மறைந்து மறைந்து தெரிந்தது. காரவள்ளி வரை குட்டி யானை டிரைவர் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

உங்கள் சைக்கிளில் சத்தம் வந்தால்...

மிதிக்காமல் சும்மா உருளும்போதும் வந்தால்: சக்கரம், ஹப், பிரேக் உரசல், மட்கார்டு பக்கம் பாருங்கள்.

மிதிக்கும்போது மட்டும் வந்தால்: கியரை மாற்றிவிட்டு எண்ணுங்கள். பெடல் சுற்றுக்கு ஒன்று என்றால் பெடல், கிராங்க், அல்லது அவற்றைத் தாங்கும் ஆக்சில். மூன்று நான்கு சுற்றுக்கு ஒன்று என்றால் செயின்.

எழுந்து நின்றதும் நின்றுவிட்டால்: சீட், சீட் கம்பி.

ஒரு காலுக்கு மட்டும் வந்தால்: அந்தப் பக்கத்துப் பெடலை முதலில் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும். போகாவிட்டால் ஓட்டாதீர்கள், கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும், ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எத்தனை சுற்றுக்கு ஒன்று, எந்தக் காலில் என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நாமக்கல்லில் புது கிராங்க் செட் கூலியோடு 1,650 ரூபாய் ஆனது. பழைய கிராங்கை மருமகன் கேட்டு வாங்கிக்கொண்டான். கடைக்காரர் அதை வைஸில் கவ்வவைத்து, ஓட்டையில் ஒரு கம்பியைச் செருகி அழுத்தினார். அதிகம் சிரமப்படவில்லை. பட்டென்று இரண்டானது. உடைந்த முகத்தில் முக்கால்வாசி அழுக்கேறிக் கறுத்திருந்தது. அது பழைய விரிசல். அப்போது உடைந்த இடம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. ஒரு சுண்டுவிரல் நகம் அகலம் இருக்கும். அவ்வளவு உலோகத்தின் மேல்தான் அவன் அன்று எழுபது வளைவு ஏறியிருக்கிறான்.

அக்கா அந்த இரண்டு துண்டுகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் இருவரையும் திட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தோம். “அந்தப் பெரியவருக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்துட்டு வாங்க” என்றாள்.

ஓரி விழாவுக்குப் போகிறோம்.